நாட்டு நடப்பு லயத்துப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு



வர்த்தமானியில் போட்டிப் பரீட்சை அறிவித்தல் வந்திருக்கிறது, விண்ணப்பம் போடு என்று சொன்னால் நமது பிள்ளைகளில் பலர் உடனே சொல்லும் பதில் ஒன்று உண்டு. "அதில பொது அறிவு கேப்பாங்க. நாட்டு நடப்பு, உலக நடப்பெல்லாம் நமக்கு வராது."

இந்தப் பதிலை அந்தப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கவில்லை. சின்ன வயதில் இருந்து அதன் காதில் ஓதியிருக்கிறார்கள். கொழுந்தெடுக்கிறவரின் பிள்ளைக்குக் கொழும்புக் கடை வேலை போதும் என்றார்கள். கொஞ்சம் படித்தால் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர் வேலை போதும் என்றார்கள். பிரதேச செயலாளர் நாற்காலி, உதவி ஆணையாளர் நாற்காலி, அமைச்சின் செயலாளர் நாற்காலி எல்லாம் வேறு யாருக்கோ செய்து வைத்தவை என்று நம்ப வைத்தார்கள். இந்த நம்பிக்கையை உடைப்பதும் சங்க வேலைதான். நாட்சம்பளத்துக்குப் போராடுவது எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் இதுவும்.

நாற்காலியில் யார் இருக்கிறார் என்பது ஏன் முக்கியம்?

பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை. அடையாள அட்டைக்கு உறுதிப்படுத்தல் வேண்டும். மண்சரிவில் காம்பரா போய்விட்டது, நட்டஈட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். முதியோர் கொடுப்பனவு நின்றுவிட்டது. எல்லாவற்றுக்கும் நாம் போய் நிற்கும் இடம் கிராம உத்தியோகத்தரின் காரியாலயமும் பிரதேச செயலகமும்தான். ஒரு நாள் பேரை இழந்து, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, அங்கே போய் வரிசையில் நிற்கிறோம். கையில் தருகிற கடிதம் சிங்களத்தில் இருக்கிறது. அதை வாசித்துச் சொல்ல ஓர் ஆளைத் தேடுகிறோம். மறுபடி இன்னொரு நாள் பேர் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் சிங்களமும் தமிழும் இலங்கை முழுவதற்கும் நிருவாக மொழிகள் என்றது. ஒரு பிரதேச செயலகப் பிரிவில் மொழிச் சிறுபான்மையினர் மொத்த சனத்தொகையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் அதை இருமொழிப் பிரிவாகப் பிரகடனம் செய்யலாம் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. காகிதத்தில் நமக்கு எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தக் காகிதத்தை நடைமுறைக்குக் கொண்டுவர மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பரீட்சை எழுதித்தான் அங்கே வர முடியும்.

வெள்ளைக்காரன் காலத்து சிவில் சேவைக்குப் பதிலாக 1963 மே 1ஆம் திகதி உருவானதுதான் இன்றைய இலங்கை நிர்வாக சேவையின் தொடக்கம். அது பிறந்த தேதி தொழிலாளர் தினம். ஆனால் அன்று தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அந்தப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கவே முடியாதவர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கி வைத்திருந்தது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால்தான் அந்தப் பிரச்சினை முடிவுக்கு வந்தது. மற்றவர்கள் ஓடத் தொடங்கி 40 ஆண்டுகள் கழித்து நமது பிள்ளையைக் கோட்டில் நிறுத்திவிட்டு, "ஏன் நீ பின்னால் நிற்கிறாய்?" என்று கேட்பவர்களுக்கு இந்த வரலாறுதான் பதில். அந்தப் பதிலோடு நாம் நின்றுவிடவும் கூடாது. இப்போது கோட்டில் நிற்கிறோம். ஓட வேண்டும்.

முதல் பொய்: உலக நடப்பு நமக்குத் தூரம்

இந்த நாட்டில் உலக நடப்போடு மிக நெருங்கி வாழ்கிறவர் யார் என்று கேட்டால், கொழுந்து மடுவத்தில் கூடையோடு நிற்கும் நம் அக்காதான் என்று நான் சொல்வேன். அவர் பறிக்கும் கொழுந்தில் பெரும்பகுதி கடல் கடந்து போகிறது. ஈராக், துருக்கி, ரஷ்யா, ஈரான் என்று நமது தேயிலை போகும் நாடுகளின் பெயர்களைப் பாருங்கள். போர், பொருளாதாரத் தடை, நாணய வீழ்ச்சி எல்லாம் நடக்கும் நாடுகள் அவை. 2022 பெப்ரவரி 24ஆம் திகதி ரஷ்யா உக்ரைனுக்குள் படையை அனுப்பியபோது நமக்குத் தேயிலைச் சந்தையில் தலையிடி. 2023 நவம்பரில் இருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, சரக்குக் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. கப்பல் கூலி ஏறியது. ஈரானுக்குக் கொடுக்க வேண்டிய எண்ணெய்க் கடன் சுமார் 251 மில்லியன் டொலர். அதைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்ப்பதென்று 2021 டிசம்பரில் உடன்பாடு செய்தார்கள். நாடு பட்ட எண்ணெய்க் கடனை நமது கையால் பறித்த கொழுந்து அடைக்கிறது. இது உலக நடப்பு இல்லையென்றால் வேறு எது?

உள்நாட்டு நடப்புக்கு வருவோம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். சில மாதங்களில் பின்வாங்கினார்கள். அதற்குள் மலை மஞ்சளித்துவிட்டது. உரம் இல்லாத மலையில் கொழுந்து எங்கிருந்து வரும்? கொழுந்து குறைந்தால் நிறுவை குறையும். நிறுவை குறைந்தால் அரைப்பேர். கொழும்பில் போட்ட ஒரு கையெழுத்து, நமது செக்ரோலில் அரைப்பேராக வந்து விழுந்தது. இந்தத் தொடர்பைப் பரீட்சைத் தாளில் எழுதச் சொன்னால், கொழும்பில் ஏசி அறையில் படித்த பிள்ளையைவிட நமது பிள்ளை நன்றாக எழுத முடியும். அதற்கு ஒரே நிபந்தனை, அது நடப்பு என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 3 பில்லியன் டொலர் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். இதற்குப் பின் நடந்ததில்தான் நமது பணம் இருக்கிறது. 2023 ஜூலை 1ஆம் திகதி பாராளுமன்றம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கு ஒப்புதல் கொடுத்தது. அதன்படி ஊழியர் சேமலாப நிதியிடம் இருந்த திறைசேரி முறிகள் நீண்ட கால முறிகளாக மாற்றப்பட்டன. அவற்றுக்கு ஆரம்ப ஆண்டுகளில் 12 சதவீதம், பிறகு 9 சதவீதம் வட்டி. நமது சம்பளச் சிட்டையில் மாதாமாதம் கழியும் 8 சதவீதமும், கம்பனி போட வேண்டிய 12 சதவீதமும் போய்ச் சேரும் நிதி அது. வங்கிகளின் கையில் இருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. தொழிலாளியின் ஓய்வுகாலப் பணத்தைத் தொட்டார்கள். 2024 ஜனவரியில் வற் வரி 15இல் இருந்து 18 சதவீதமானது. அதையும் சவர்க்காரம் போன்றவற்றுக்குக் கடையில் நாம்தான் கட்டுகிறோம்.

2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதத் தீர்வை என்று அறிவித்தது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஓகஸ்டில் அது 20 சதவீதமாகக் குறைந்தது. அமெரிக்கா நம்மிடம் அதிகம் வாங்குவது ஆடை. அந்த ஆடையைத் தைக்கும் தொழிற்சாலைகளில் எத்தனை தோட்டத்துத் தங்கச்சிகள் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு லயத்திலும் கேட்டுப் பாருங்கள். இதையெல்லாம் தூரம் என்று சொல்பவன் ஒன்றில் அறியாதவன், இல்லாவிட்டால் நாம் அறியாமல் இருப்பதில் இலாபம் காண்பவன்.

இரண்டாவது பொய்: பாடமாக்கினால் போதும்

நகரத்து டியூட்டரிகளில் பொது அறிவு வினா விடைப் புத்தகங்கள் விற்கிறார்கள். அந்த நாட்டின் தலைநகரம் எது, இந்த நாட்டின் நாணயம் எது, இந்த வருட உலகக் கிண்ணம் யாருக்கு. ஆயிரம் கேள்வி, ஆயிரம் பதில். பிள்ளை ராத்திரி பூராவும் உருப்போடுகிறது. அடுத்த வருடம் பதில்கள் மாறிவிடுகின்றன. புது புத்தகம் வாங்க வேண்டும். வியாபாரம் நடக்கிறது.

உதாரணத்துக்கு ஒன்று. "சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான ஆண்டு எது?" பதில்: 1964. இதோடு அந்தப் புத்தகம் முடித்துவிடும். நமது பிள்ளை அதற்கு மேலே போக வேண்டும். ஒப்பந்தம் பேசியது 975,000 பேரைப் பற்றி. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரை அப்போது பேசாமல் விட்டு, 1974இல் பாதிக்குப் பாதி பங்கிட்டார்கள். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பத்து இலட்சம் பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தபோது அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? வாக்குரிமை இல்லாத சனத்துக்கு என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் உண்டா? இன்று உலகத்தில் நாடற்றவர்களைப் பற்றிய செய்தி வரும்போது, ரோஹிங்கியா மக்களைப் பற்றி வாசிக்கும்போது, நமது பிள்ளைக்கு இது நினைவுக்கு வர வேண்டும். நேர்முகப் பரீட்சையில் கேட்டால் தலை நிமிர்ந்து சொல்ல வேண்டும்.

இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. தமிழில் நடப்பு விவகாரம் என்று போனில் தேடினால் வந்து கொட்டுவது பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடங்கள். அவை அங்கே குரூப் 4 எழுதும் பிள்ளைகளுக்காகச் செய்தவை. அவர்களுக்கு அவை நல்லவைதான். மொழி நமது மொழி, சொல்லிக் கொடுக்கும் முறையும் நன்றாக இருக்கிறது. ஆகவே நமது பிள்ளையும் உட்கார்ந்து பார்க்கிறது. மக்களவைக்கு 543 தொகுதி என்று சொல்லும் பிள்ளைக்கு, நமது பாராளுமன்றத்தின் 225 உறுப்பினர்களில் 196 பேர் மாவட்டங்களில் இருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலில் இருந்தும் வருகிறார்கள் என்பது தெரியவில்லை. இந்திய அரசியலமைப்பின் 32ஆம் பிரிவு தெரிகிறது. இங்கே அடிப்படை உரிமை மீறப்பட்டால் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்பது தெரியவில்லை. மாவட்ட ஆட்சியர் தெரிகிறார், நமது அரசாங்க அதிபர் தெரியவில்லை.

இதில் பிள்ளையின் குற்றம் ஏதுமில்லை. சிங்களத்தில் தெருவுக்குத் தெரு கிடைக்கும் வழிகாட்டிப் புத்தகமும் வகுப்பும் தமிழில், அதுவும் மலைநாட்டில், ஏன் கிடைப்பதில்லை என்று கேட்க வேண்டியது அரசாங்கத்திடம். வினாத்தாளைத் தமிழில் தந்தால் கடமை முடிந்தது என்று அரசாங்கம் கையைக் கழுவ முடியாது. படிக்க ஒன்றும் தராமல் பரீட்சையை மட்டும் தமிழில் வைப்பது, கூடை கொடுக்காமல் கொழுந்து எடுக்கச் சொல்வது போல.

மூன்றாவது பொய்: ஐயாவைப் பிடித்தால் வேலை கிடைக்கும்

இதுதான் மூன்றிலும் மோசமானது. மலையக அரசியலில் வேலை என்றால் பெயர்ப் பட்டியல் என்று ஆகிவிட்டது. தேர்தலுக்கு முன் பட்டியலில் பெயர் எழுதுவார்கள். மாலை போட்டு நியமனக் கடிதம் கொடுப்பார்கள். படம் பிடிப்பார்கள். அப்படிக் கிடைத்த வேலைகளில் பெரும்பாலானவை எந்த மட்டத்தில் இருந்தன என்று பாருங்கள். உதவியாளர், சிற்றூழியர், தற்காலிக அடிப்படை. வாழ்நாள் முழுக்க ஐயாவுக்கு நன்றிக்கடன் வேறு.

நிர்வாக சேவைக்கு எந்த ஐயாவின் பட்டியலும் செல்லாது. பரீட்சைத் திணைக்களம் நடத்தும் பரீட்சையில் புள்ளி எடுத்து, அரசாங்க சேவை ஆணைக்குழுவின் நியமனம் பெற்று உள்ளே போகிறவர் யாருக்கும் மாலை போட வேண்டியதில்லை. சட்டம் சொல்வதைச் சொல்லலாம். அதனால்தான் சிபாரிசுக் கடிதம் எழுதுகிறவர்கள் பரீட்சை வகுப்பு நடத்த அவ்வளவு ஆர்வம் காட்டுவதில்லை. தன் காலில் நிற்கும் ஒருவன் அவர்களுக்கு ஒரு வாக்கு நட்டம்.

நடப்பை எப்படிப் படிப்பது?

ஒரு செய்தி வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். யார் முடிவெடுத்தார்? எந்தச் சட்டத்தின் கீழ் எடுத்தார்? யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம்? இதற்கு முன் இப்படி எப்போது நடந்தது?

நமது சம்பளத்தையே எடுத்துப் பாருங்கள். 2021இல் சம்பள நிர்ணய சபை ஊடாக 1,000 ரூபாய். 2024 மே மாதம் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி, கம்பனிகள் நீதிமன்றம் போனது, வர்த்தமானி திரும்பப் பெறப்பட்டது, செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கவும், அதற்கு மேல் அரசாங்கம் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவு கொடுக்கவும் முன்மொழிவு. இந்த ஒரு செய்தியில் சம்பள நிர்ணய சபை என்றால் என்ன, வர்த்தமானிக்கு என்ன பலம், இடைக்காலத் தடையுத்தரவு என்றால் என்ன, 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் அரசு எடுத்த தோட்டங்கள் 1992இல் எப்படிக் கம்பனிகளின் கைக்குப் போயின, தனியார் கொடுக்கும் கூலிக்கு அரசு ஏன் 200 ரூபாய் போட வேண்டும் என்று அரைப் புத்தகம் இருக்கிறது.

பேரிடரை எடுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மறுபடி மலைநாட்டைப் பிளந்தது. அப்போதும் எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. அனர்த்த முகாமைத்துவம் என்பது பரீட்சையில் ஒரு தலைப்பு. நமக்கு அது உயிர். எச்சரிக்கையைத் தமிழில் எழுதி அனுப்பும் மேசையில் நமது பிள்ளை ஒன்று இருந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை.

கேட்க வேண்டியவர்களிடம் கேட்போம்

அரசாங்கத்திடம்: மலைநாட்டின் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் தமிழில் கடமை செய்யக்கூடிய உத்தியோகத்தர்கள் எத்தனை பேர்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். தோட்டக் கமிட்டிகள் இந்தக் கடிதத்தை எழுதட்டும். எழுதும் வேலையைப் படித்த பிள்ளைகளிடம் கொடுங்கள். அதுவே அவர்களுக்கு முதல் நிர்வாகப் பாடம்.

தோட்ட நிர்வாகத்திடம்: பரீட்சை அனுமதி அட்டை தோட்ட ஆபீசில் கிடந்து, திகதி முடிந்த பிறகு கைக்கு வந்த கதை ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. லயத்து வீட்டுக்கு இலக்கமும் முகவரியும் இல்லாததால் வரும் கொடுமை இது. தபாலை அன்றன்றே பட்டுவாடா செய்ய வேண்டும், பெயர்ப் பட்டியலில் கையொப்பம் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அடுத்த மாதக் கோரிக்கைக் கடிதத்தில் சேருங்கள். ஒரு கடிதம் தாமதிப்பது ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் தாமதிப்பதாகும். வயதெல்லை யாருக்காகவும் காத்திருக்காது.

தலைவர்மாரிடமும் மாதர் சங்கத் தலைவிமாரிடமும்: சந்தாப் பணத்தில் மாதம் இரண்டு தமிழ்ப் பத்திரிகையும் வெள்ளிக்கிழமை வர்த்தமானியும் தோட்ட வாசிகசாலைக்கு வர வேண்டும். வாசிகசாலை இல்லாத டிவிஷனில் பிள்ளைக் காம்பராவைப் பின்னேரத்தில் திறந்து கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் பத்துப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து அந்த வாரச் செய்தியை நான்கு கேள்வியால் அலசட்டும். சிங்களம் தெரிந்த பிள்ளை சிங்களப் பத்திரிகையை வாசித்து மற்றவர்களுக்குச் சொல்லட்டும். சிங்களம் கற்பது நமது உரிமைக் கோரிக்கைக்கு எதிரானது இல்லை. உள்ளே போன பிறகு அது தேவைப்படும்.

பெற்றோரிடம்: பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று கேட்காதீர்கள். நமது சம்பளச் சிட்டைகளில் பாதிக்கு மேல் பெண்களின் வியர்வை. நாற்காலியிலும் பாதி அவர்களுக்கு வேண்டும்.

பிள்ளைகளிடம் கடைசியாக ஒன்று. ஒரு முறை தவறினால் மறுமுறை எழுதுங்கள். நிர்வாக சேவை கிடைக்காவிட்டால் கிராம உத்தியோகத்தர், முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் என்று வரிசையாகப் பரீட்சைகள் இருக்கின்றன. உள்ளே போய், சேவைக் காலத்தோடு மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சை எழுதி மேலே ஏறலாம். போகும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மேசைக்கு இந்தப் பக்கம் கையில் சிங்களக் கடிதத்தோடு நிற்கப் போவது உங்கள் தோட்டத்து அம்மா. அவரை உட்காரச் சொல்லி, அவரது மொழியில் பதில் சொல்லுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வர்த்தமானியை வாங்குங்கள். விண்ணப்பத்தை நிரப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, சிட்டையைப் பத்திரமாக வையுங்கள்.